டிராஃப்டில் யாரும் எடுக்காதவருக்கு எவ்வளவு சுதந்திரம்?

உங்கள் கேள்வி இது: "ஆர்டெமி பனாரினை என்எச்எல் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை என்று படித்தேன். அப்படியானால், டிராஃப்டில் எடுக்கப்படாத ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரரை எந்த அணி வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தம் செய்யலாமா? நல்ல ஆட்டக்காரர்கள் டிராஃப்டைத் தவிர்த்துவிட்டு, அதிகப் பணம் தருகிற அணிக்கே போய்விடலாமே?" என்எச்எல் என்பது வட அமெரிக்காவின் உயர்மட்ட ஐஸ் ஹாக்கி லீக்; டிராஃப்ட் என்பது அதன் அணிகள் வருடா வருடம் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. எப்போது ஒருவர் யாருக்கும் கட்டுப்படாதவர் ஆகிறார் என்பது ஒன்று. அப்படி ஆனதும் அவருக்கு என்ன கிடைக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் உங்கள் சந்தேகத்துக்கான விடை இரண்டாவதில் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. டொராண்டோவில் ஆட்டக்காரர்களின் ஏஜென்ட் ஒருவரது அலுவலகத்தில் ஒன்பது வருடம் ஒப்பந்தத் தாள்களைச் சரிபார்க்கும் வேலை பார்த்தேன். பேரம் பேசியது வேறு ஆட்கள்; அவர்கள் பேசி முடித்தது விதிக்கு உட்பட்டதா என்று பார்ப்பது மட்டும்தான் என் வேலை. நான் வழக்கறிஞரும் அல்ல. ஆகவே விதிகளைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். ஓர் ஆட்டக்காரர் ஏன் இந்த அணிக்குப் போனார், அந்த அணிக்குப் போகவில்லை என்பது பற்றி நான் சொல்வதையெல்லாம் ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

டிராஃப்டைத் தவிர்க்க முடியுமா? முடியாது. அதில் பெயர் கொடுப்பது, கொடுக்காமல் இருப்பது என்று எதுவும் கிடையாது. செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிரம்புகிறவர் எல்லோரும் அந்த வருட டிராஃப்டுக்குத் தானாகவே தகுதி பெற்றுவிடுகிறார்கள். அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் 32 அணிகளில் ஏதாவது ஒன்று அவர் பெயரைச் சொல்லலாம். ஏழு சுற்றுகள், மொத்தம் 224 தேர்வுகள். இதை ஐபிஎல் ஏலம் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். ஏலத்தில் விலை பேசப்படுகிறது. இங்கே ஒரு காசும் கைமாறுவதில்லை. "இவரோடு பேசும் உரிமை எங்களுக்கு மட்டும்" என்று ஓர் அணி துண்டு போட்டு வைக்கிறது, அவ்வளவுதான்.

யாரும் எடுக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதில்தான் வயது உள்ளே வருகிறது. கனடாவிலோ அமெரிக்காவிலோ வளர்ந்து ஆடுகிற பையன் என்றால் அவனுக்கு மூன்று டிராஃப்டுகள் வரை உண்டு. கடைசியாக அவன் தகுதி பெறுவது எந்த வருட டிசம்பர் 31-க்குள் 20 வயதைத் தொடுகிறானோ அந்த வருட டிராஃப்டில். அதிலும் பெயர் வராவிட்டால் அவன் ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணியும் அழைக்கலாம். டைலர் ஜான்சன் இதற்கு அச்சு அசலான உதாரணம். 1990 ஜூலையில் பிறந்தவர்; ஸ்போகேன் சீஃப்ஸ் என்ற ஜூனியர் அணியில் ஆடினார்; உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். 2008, 2009, 2010 என்று மூன்று டிராஃப்டுகள் அவரைத் தாண்டிப் போயின. 2011 மார்ச்சில் டாம்பா பே ஒப்பந்தம் செய்தது. 2020-லும் 2021-லும் அந்த அணி என்எச்எல்லின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அவர் அதில் இருந்தார். ஐந்தடி எட்டு அங்குலத்தில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்று சொல்வது இப்போது சுலபம். அன்று அவரைப் பார்க்கப் போன ஸ்கவுட்கள், அதாவது அணிகளுக்காக ஆள் தேடுகிறவர்கள், என்ன குறிப்பு எழுதினார்கள் என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

ஐரோப்பாவிலேயே இருந்து ஆடுகிறவருக்கு இன்னும் ஒரு வருடம் கூடுதல். 18, 19, 20 வயதில் வட அமெரிக்காவில் ஒரு பருவம்கூட ஆடாத ஒருவரை 21 வயதுக்கான டிராஃப்ட் வரை எடுக்கலாம். அதையும் தாண்டினால்தான் அவர் கைகட்டு அவிழ்கிறது. பனாரின் 1991 அக்டோபரில் பிறந்தவர். கணக்குப் போட்டால், 2012 டிராஃப்ட் முடிந்ததும் அவர் யாருக்கும் கட்டுப்படாதவர். ஆனால் சிகாகோவோடு கையெழுத்திட்டது 2015-இல்தான். இடையில் அவர் ரஷ்யாவின் கேஎச்எல்லில் ஆடிக்கொண்டிருந்தார். அந்த லீகுக்கும் என்எச்எல்லுக்கும் இடையே, நடப்பில் இருக்கும் ஒப்பந்தத்திலிருந்து ஆளை விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. அங்கே கையெழுத்திட்ட காலம் முடிய வேண்டும். என்எச்எல் விதிப்படி சுதந்திரமானவர் என்பதால் எல்லா விதத்திலும் சுதந்திரமானவர் என்று ஆகிவிடாது. அவர் ஏற்கெனவே வேறு யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கலாம்.

அப்புறம், 18, 19 வயதில் டிராஃப்டில் விடுபட்ட ஜூனியர் பையன்களின் கதை. "எப்போது வேண்டுமானாலுமா?" என்ற உங்கள் கேள்விக்கு இவர்களைப் பொறுத்தவரை பதில், இல்லை. டிராஃப்ட் முடிந்து அடுத்த என்எச்எல் பருவம் தொடங்குவதற்குள் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருக்கும். அதற்குள் ஏதாவது ஓர் அணி தன் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டுப் பார்த்துப் பிடித்துப்போய் ஒப்பந்தம் கொடுத்தால் உண்டு. இல்லையென்றால் ஜன்னல் மூடிவிடும். பையன் அடுத்த வருட டிராஃப்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஃபிலிப் மயர்ஸ் என்ற தற்காப்பு ஆட்டக்காரர் 2015 டிராஃப்டில் விடுபட்டு, ஃபிலடெல்ஃபியா முகாமுக்கு அழைக்கப்பட்டு, அதே செப்டம்பரில் ஒப்பந்தம் பெற்றது இப்படித்தான். ஒப்பந்தம் கிடைத்ததே தவிர, அவர் திரும்பிப் போனது தன் ஜூனியர் அணிக்கு. அந்த வயதில் கனடிய ஜூனியர் ஆட்டக்காரரை அணிகள் நினைத்த மாதிரி ஏஎச்எல்லுக்கு, அதாவது அடுத்த கட்ட லீகுக்கு, அனுப்பிவிட முடியாது. ஒன்று என்எச்எல், இல்லையென்றால் பழைய ஜூனியர் அணி. பெற்றோர்களுக்கு இதைப் புரிய வைப்பதற்குள் எங்கள் அலுவலகத்தில் தொண்டை வறண்டுவிடும்.

சரி, சுதந்திரம் வந்துவிட்டது. ஐந்தாறு அணிகள் துரத்துகின்றன. விலையை ஏற்ற முடியுமா? அதுதான் முடியாது. என்எச்எல்லில் முதல் முறையாகக் கையெழுத்திடும் இளைஞர் எவரானாலும், டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவரானாலும் யாருமே சீண்டாதவரானாலும், நுழைவுநிலை ஒப்பந்தம் என்ற ஒரே அச்சில்தான் வார்க்கப்படுவார். சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. பனாரின் வந்த காலத்தில் வருடத்துக்கு 9,25,000 டாலர். பிறகு 9,50,000, 9,75,000 என்று படிப்படியாக ஏறியது. கையெழுத்துக்காக முன்பணமாகத் தரும் தொகை அந்த வருடச் சம்பளத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆட்டத்திறனுக்கான போனஸ்களுக்கும் தனித்தனி வரம்பு. எத்தனை வருட ஒப்பந்தம் என்பதைக்கூட இரு தரப்பும் பேசித் தீர்மானிக்க முடியாது. 18 முதல் 21 வயது என்றால் மூன்று வருடம். 22, 23 என்றால் இரண்டு. 24 என்றால் ஒன்று. 25 அல்லது அதற்கு மேல் என்றால் இந்த அச்சே கிடையாது. ஐரோப்பியருக்கு மட்டும் 27 வரை ஒரு வருடம் உண்டு.

இந்த வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள் என்பதில் நானே ஒரு முறை வழுக்கி விழுந்தேன். டிராஃப்ட் தகுதிக்கான கடிகாரம், முதல் வருடம் தவிர, டிசம்பர் 31-ஐப் பார்க்கிறது. ஒப்பந்த நீளத்துக்கான கடிகாரம், கையெழுத்திடும் வருடத்தின் செப்டம்பர் 15-ஐப் பார்க்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், செப்டம்பர் கடைசியில் பிறந்த ஒரு பையனுக்கு 22 வயது என்று இரண்டு வருட ஒப்பந்தம் தட்டச்சு செய்து மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். விதிப்படி அவனுக்கு வயது இன்னும் 21, மூன்று வருடம். பிறந்த தேதியைச் சிவப்புப் பேனாவால் மூன்று முறை சுழித்து, ஒன்றும் எழுதாமல் திருப்பி அனுப்பினார். அந்தத் தாள் ரொம்ப நாள் என் இழுப்பறையில் கிடந்தது. பிரபலமான உதாரணம் வேண்டுமென்றால் கோல்கீப்பர் செர்கேய் பாப்ரோவ்ஸ்கி. 1988 செப்டம்பர் 20-இல் பிறந்தவர். டிராஃப்டில் எடுக்கப்படாமல் 2010 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவோடு கையெழுத்திட்டார். செப்டம்பர் 15 அன்று அவருக்கு 21 வயது, ஆகவே மூன்று வருடம். ஐந்தே நாள் முன்னால் பிறந்திருந்தால் இரண்டோடு முடிந்திருக்கும். அந்த மூன்றாவது வருடம் வருவதற்குள் ஃபிலடெல்ஃபியா அவரைக் கொலம்பஸுக்கு மாற்றிவிட்டது. அந்த வருடமே அவர் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை வாங்கினார், நுழைவுநிலைச் சம்பளத்தில்!

பனாரினுக்கு வருவோம். 2015 செப்டம்பர் 15 அன்று அவருக்கு 23. ஆகவே இரண்டு வருடம். அணியின் மொத்தச் சம்பளத்துக்கான வரம்புக் கணக்கில் அவர் பெயருக்கு எதிரே இருந்த தொகை 8,12,500 டாலர், போனஸ் தனி. முதல் பருவத்தில் 30 கோல், 47 அசிஸ்ட் (சக ஆட்டக்காரரின் கோலுக்கு உதவிய பாஸ்). சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையும் கிடைத்தது. கேஎச்எல்லில் கோப்பை வென்ற அணியின் நட்சத்திரத்தை அந்த விலைக்குப் பிடித்தது சிகாகோவின் சாமர்த்தியம் மட்டும் அல்ல. வேறு எந்த அணியாலும் அந்த அச்சை மீறி அள்ளிக் கொடுக்க முடியாது என்பதும் காரணம். இரண்டு வருடத்துக்குப் பிந்தைய ஒப்பந்தத்தில் சம்பளம் வருடத்துக்கு 60 லட்சம் டாலர். 2019-இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஏழு வருடத்துக்கு 8 கோடியே 15 லட்சம் கொடுத்தது. டிராஃப்டில் விடுபட்டவருக்குப் பெரிய பணம் வருவதானால் அது இரண்டாவது, மூன்றாவது கையெழுத்தில்தான் வரும்.

இந்த அச்சு எப்போதும் இருந்ததில்லை. 1980-களில் கல்லூரி ஆட்டக்காரர்களில் டிராஃப்டில் விடுபட்டவர்களுக்காக அணிகள் உண்மையிலேயே ஏலம் போட்டன. 1985-இல் டெட்ராய்ட் அப்படிச் சிலரைப் பிடித்தது. ஆடம் ஓட்ஸ் ஒருவர். பின்னாளில் ஹாக்கியின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றவர். இன்னொருவர் ரே ஸ்டாஷாக். என்எச்எல்லில் அவர் ஆடியது மொத்தம் நான்கே ஆட்டம். இந்தப் போட்டியால் கையைச் சுட்டுக்கொண்ட லீக், 1986-இல் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கென்றே ஒரு துணை டிராஃப்டைக் கொண்டுவந்தது. அது 1994 வரை நடந்தது. 1995-இல் புதுமுகங்களின் சம்பளத்துக்கே மூடி போட்டாகிவிட்டது. துணை டிராஃப்டுக்கும் தேவை இல்லாமல் போயிற்று.

பணம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்றால் அணிகள் எதைக் காட்டி இழுக்கின்றன? பெரும்பாலும் இடத்தைக் காட்டி. "எங்கள் இரண்டாவது வரிசையில் இடது பக்கம் காலி." "எங்கள் கோல்கீப்பருக்கு 36 வயதாகிறது." இன்னொரு தூண்டில், வருடத்தை எரிப்பது என்று இந்தத் தொழிலில் சொல்வார்கள். பெரும்பாலான அணிகளுக்குக் கல்லூரிப் பருவம் மார்ச்சில் முடிகிறது; என்எச்எல் பருவம் ஏப்ரல் வரை போகிறது. மார்ச் கடைசியில் கையெழுத்திட்டு, மிச்சமிருக்கும் இரண்டு மூன்று ஆட்டங்களில் இறங்கினால், மூன்று வருட ஒப்பந்தத்தின் முதல் வருடம் அதிலேயே கழிந்துவிடும். பெரிய பணம் ஒரு வருடம் முன்னதாக வரும். கேட்க இனிக்கிறது. ஆனால் இதில் ஒரு முள் உண்டு. டோரி க்ரூக்கின் கதையைச் சொன்னால்தான் புரியும்.

மிஷிகன் ஸ்டேட் கல்லூரியில் ஆடிய, டிராஃப்டில் எடுக்கப்படாத க்ரூக் 2012 மார்ச்சில் பாஸ்டனோடு ஒப்பந்தம் செய்து, அந்தப் பருவத்தில் இரண்டு ஆட்டம் ஆடினார். ஒரு வருடம் எரிந்தது. 2014-இல் ஒப்பந்தம் முடிந்தது. ஆனால் வேறு அணிகள் வந்து விலை கேட்கும் உரிமை வர, அவர் வயதில் கையெழுத்திட்டவருக்கு மூன்று வருடத் தொழில்முறை அனுபவம் வேண்டும். ஒரு பருவத்தில் பத்து ஆட்டமாவது ஆடினால்தான் அது ஒரு வருட அனுபவம். அந்த இரண்டு ஆட்டம் ஒப்பந்தத்தைக் குறைத்ததே தவிர, அனுபவத்தைக் கூட்டவில்லை. ஆகவே 2014 கோடையில் அவர் நடுவாற்றில் நின்றார். கையில் ஒப்பந்தம் இல்லை. வேறு அணி விலை பேச வழி இல்லை. சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் மன்றத்துக்குப் போகும் உரிமையும் இல்லை. பாஸ்டன் சொன்னதை ஏற்பது, அல்லது வீட்டில் உட்கார்ந்திருப்பது. முகாம் நடந்துகொண்டிருந்த செப்டம்பர் கடைசியில் ஒரு வருடத்துக்கு 14 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார். அதன் பிறகு நன்றாகவே சம்பாதித்தார், கவலைப்படாதீர்கள். இருந்தாலும் வருடத்தை எரிக்கச் சொல்லும் ஏஜென்ட் இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட்டுக் காட்டினாரா என்று பையனின் அப்பா கேட்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் ஒட்டியே இருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிராஃப்டில் எடுக்கப்பட்டவரும் சில சமயம் இந்த வரிசையில் வந்து நிற்பார். கல்லூரியில் நான்கு வருடமும் முடித்துவிட்டு, எடுத்த அணியோடு கையெழுத்திடாமலேயே இருந்தால் ஆகஸ்ட் 15 அன்று அந்த அணியின் உரிமை காலாவதியாகிவிடும். ஹார்வர்டின் ஜிம்மி வீசியை 2012-இல் நாஷ்வில் எடுத்திருந்தது. 2016-இல் அவர் வரமாட்டேன் என்றார். நாஷ்வில் அவர்மீதான உரிமையை, டிராஃப்டின் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வுக்கு ஈடாக, பஃபலோவிடம் தள்ளிவிட்டது. பஃபலோவுக்கும் அவர் இணங்கவில்லை; ஆகஸ்டில் ரேஞ்சர்ஸோடு கையெழுத்திட்டார். டிராஃப்டைத் தவிர்ப்பது என்று நீங்கள் சொன்னதற்கு நடைமுறையில் மிக நெருங்கிய வழி இதுதான். அதற்கு நான்கு வருடப் பொறுமை வேண்டும். அதன் பிறகும் கிடைப்பது அதே நுழைவுநிலைச் சம்பளம்.

என்எச்எல் கதவே திறக்காதவர்களுக்குப் பக்கத்துச் சந்து ஒன்று உண்டு. 20 வயது தாண்டியவர் ஏஎச்எல் அணியோடு நேரடியாக ஒப்பந்தம் போடலாம். அது என்எச்எல் ஒப்பந்தம் அல்ல. ஒவ்வொரு என்எச்எல் அணிக்கும் 50 ஒப்பந்தங்கள்தான் வரம்பு என்பதால், உறுதியாகத் தெரியாத ஆளுக்கு அதில் ஒன்றைச் செலவழிக்க யோசிப்பார்கள். முதலில் கீழே ஆடவிட்டுப் பார்ப்பார்கள். ஜோனதன் மார்ஷெஸோ 2011-இல் அப்படி ஓர் ஏஎச்எல் ஒப்பந்தத்தில் தொடங்கினார். அடுத்த வருடம் கொலம்பஸ் என்எச்எல் ஒப்பந்தம் கொடுத்தது. 2023-இல் வேகஸ் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது பிளேஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். இப்படி ஒருவரைச் சொல்லும்போது, அதே சந்தில் நுழைந்து அங்கேயே நின்றுபோன நூறு பேரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் மாறக்கூடியவை எவை என்று சொல்ல வேண்டும். நான் எழுதியிருப்பது 2026 செப்டம்பர் 15 வரை நடப்பில் உள்ள தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி. 2025 ஜூலையில் லீகும் ஆட்டக்காரர் சங்கமும் ஒப்புக்கொண்ட புதிய ஒப்பந்தம் அடுத்த நாள் தொடங்குகிறது. அதற்குப் பிறகு கையெழுத்திடுபவருக்கு எண்களை அதில்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, 2025 ஆகஸ்ட் முதல், கனடிய ஜூனியர் லீகுகளில் ஆடியவர்களும் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடலாம். முன்பு அது அடைக்கப்பட்ட வழி. 20 வயதில் ஜூனியரில் இடம் முடிந்து, டிராஃப்டிலும் விடுபட்டவர் இனி கல்லூரிக்குப் போய் 23, 24 வயது வரை தன்னைக் காட்டிக்கொண்டிருக்கலாம். மார்ச் மாதக் கல்லூரிச் சந்தை இதனால் இன்னும் சூடாகும் என்பது என் கணிப்பு. கணிப்பு மட்டுமே.

கடைசியாக, இந்தப் பேச்சு வந்தாலே "வெய்ன் கிரெட்ஸ்கியைக்கூட யாரும் டிராஃப்டில் எடுக்கவில்லையே" என்று ஒருவராவது சொல்வார். உண்மைதான், ஆனால் ஹாக்கியின் மகத்தான ஆட்டக்காரர் எனப்படும் அவரது கதை வேறு. அவர் 17 வயதில், 1978-இல், என்எச்எல்லுக்குப் போட்டியாக இருந்த டபிள்யூஎச்ஏவுக்குப் போய்விட்டார். முதலில் இண்டியானாபொலிஸ்; எட்டு ஆட்டம் கழித்து எட்மண்டனுக்கு விற்கப்பட்டார். 1979-இல் அந்த லீகின் நான்கு அணிகள் என்எச்எல்லில் சேர்ந்தபோது எட்மண்டன் அவரைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. எந்த அணி வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுக்கவும் இல்லை, அவரை ஒப்பந்தம் செய்ய எந்த அணியும் வரிசையில் நிற்கவும் இல்லை. பனாரினோடு அவரை ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள்.